‘ஃபேமிலிக்கு மட்டும்!’ – திருவல்லிக்கேணி டூ-லெட் பலகைகள் சொல்லாமல் சொல்லும் கதை

திருவல்லிக்கேணியில் வீடு தேடுகிறவர்கள் காலையிலேயே கிளம்பிவிடுகிறார்கள். பார்த்தசாரதி கோயில் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் பைக் ஓட்டுவதே சர்க்கஸ். பூக்கூடை, ஸ்கூல் ஆட்டோ, நடுத்தெருவில் அசை போடும் மாடு எல்லாவற்றையும் தாண்டி, தலையை அண்ணாந்து ஒவ்வொரு கேட்டாகப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது அதைவிடப் பெரிய சர்க்கஸ். கேட்டுக் கம்பியில் கட்டிய தகரப் பலகை, மாடி கிரில்லில் தொங்கும் அட்டை, மின்கம்பத்தில் ஒட்டிய ஜெராக்ஸ் தாள் எல்லாவற்றிலும் ஒரே தலைப்புதான்: ‘டூ-லெட்’. அதற்குக் கீழே உள்ள பொடி எழுத்துகளில்தான் விஷயமே இருக்கிறது. ‘ஃபேமிலி ஒன்லி’, ‘வெஜ் ஒன்லி’, ‘நோ பேச்சிலர்ஸ்’, ‘நோ புரோக்கர்ஸ்’.

சென்னையில் வாடகை வீட்டுக்கான நேர்காணல் எப்படி நடக்கிறது என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான பேட்டை கிடையாது. கிழக்கே மெரினா, மேற்கே திருவல்லிக்கேணி நெடுஞ்சாலை, வடக்கே சேப்பாக்கம் ஸ்டேடியத்தை ஒட்டிய வாலாஜா சாலை, தெற்கே ஐஸ் ஹவுஸ். இதற்குள் ஒரு மணி நேரம் சுற்றினால் மூன்று வெவ்வேறு ஊர்களைப் பார்த்துவிடலாம். கோயிலைச் சுற்றி மாட வீதிகளும் அக்ரஹாரத்தின் மிச்சங்களும். நெடுஞ்சாலையில் ஆற்காடு நவாப் குடும்பத்தார் 1795-ல் கட்டிய வாலாஜா பெரிய மசூதியும் அதைச் சுற்றி இஸ்லாமியர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் தெருக்களும். இந்த இரண்டுக்கும் நடுவில், இண்டு இடுக்கெல்லாம் மேன்ஷன்கள். முதல் இரண்டு ஊர்களிலும் இடம் கிடைக்காதவர்கள் சேரும் மூன்றாவது ஊர்.

ஒரு சுவாரஸ்யமான தகவல்: திருவல்லிக்கேணியே ஒரு காலத்தில் வாடகைக்கு விடப்பட்ட ஊர்தான். 17-ம் நூற்றாண்டில் கோல்கொண்டா சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கிராமத்தை ஆண்டு வாடகைக்கு எடுத்தது. அப்போது கம்பெனிக்காரர்களிடம் ‘நீங்க வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?’ என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இப்போது அது முதல் கேள்வி. பலகையில் இருக்கும் நம்பருக்குப் போன் போட்டால், வாடகை எவ்வளவு என்று தேடுபவர் கேட்பதற்கு முன்பே அந்தப் பக்கத்திலிருந்து கேள்விகள் ஆரம்பித்துவிடும். “எத்தனை பேரு? கல்யாணம் ஆயிடுச்சா? எங்க வேலை? சொந்த ஊரு எது?” இந்த நான்கையும் தாண்டினால்தான், “சாயங்காலம் வந்து பாருங்க” என்ற வரம் கிடைக்கும்.

‘ஃபேமிலி’ என்ற சொல்லுக்கு டூ-லெட் அகராதியில் தனி அர்த்தம். கணவன், மனைவி, ஒன்று அல்லது இரண்டு பிள்ளைகள். அவ்வளவுதான். அக்காவும் தங்கையுமாக வேலை பார்ப்பவர்கள் வந்தால், “ஆம்பளைத் துணை யாரு?” வேலைக்குப் போகும் அண்ணனும் படிக்கும் தம்பிகளும் சேர்ந்து வந்தால், அவர்கள் ரத்த சொந்தமாகவே இருந்தாலும் பேச்சிலர்கள். விவாகரத்தான பெண் குழந்தையோடு வந்தால் கேள்விகள் நீண்டுகொண்டே போகும், வீடு கிடைக்காது. மாமனார், மாமியார், நாத்தனார் என்று நிஜமாகவே பெரிய குடும்பம் வந்து நின்றால், “அத்தனை பேருக்குத் தண்ணி பத்தாதுங்க.” இதைச் சும்மா சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 2019 கோடையில் சென்னை தண்ணீர் லாரிக்குத் தவம் கிடந்ததை மறக்காத ஓனர்கள் இன்னமும் ஆள் கணக்குப் பார்த்துத்தான் வீடு விடுகிறார்கள்.

வயதான தம்பதி தனியாக வந்தால்கூடத் தயக்கம்தான். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். “பெரியவங்களுக்கு மாடிப்படி ஏற முடியாதே” என்பார்கள். உண்மையான பயம் வேறு. வாடகை வீட்டில் சாவு விழுந்துவிட்டால்? ஆஸ்பத்திரியில் இறந்தவரின் உடலை வீட்டுக்குள் கொண்டுவர ஓனர் சம்மதிக்காததால், சுடுகாட்டுக்கே நேராகக் கொண்டுபோன குடும்பங்கள் இந்த நகரத்தில் உண்டு. வாடகை ஒழுங்காகக் கொடுத்து வாழலாம். சாவதற்கு மட்டும் சொந்த வீடு வேண்டும்.

இதெல்லாம் பலகையில் எழுதியிருப்பவை, அல்லது எழுதாவிட்டாலும் புரிந்துகொள்ளக்கூடியவை. எழுதவே முடியாத கேள்வி ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றித்தான் மொத்த நேர்காணலும் நடக்கிறது.

வட மாநிலங்களில் பெயரின் பின்பாதியைக் கேட்டாலே சாதி தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்கள் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதில்லை. இனிஷியலோடு சரி. எஸ்.குமார் என்று ஒருவர் போன் செய்தால், அவர் யார் என்று பெயரை வைத்துப் பிரம்மாவாலும் சொல்ல முடியாது. திராவிட இயக்க அரசியல் இந்த மண்ணில் செய்த பெரிய வேலைகளில் இதுவும் ஒன்று. ஆனால், வீட்டு வாசலில் அந்த வேலை முடிந்துவிடவில்லை. பெயரில் கிடைக்காததைக் கேள்விகளால் கறந்துவிடும் ஒரு கலையை ஓனர்கள் வளர்த்து வைத்திருக்கிறார்கள்.

“பூர்வீகம் எது?” என்று தொடங்கும். “விழுப்புரம் பக்கம்” என்றால், “விழுப்புரத்துல எங்க?” ஊர்ப் பெயர் சொன்னால், “அந்த ஊர்ல எந்தத் தெரு?” இங்கேதான் கதவு திறப்பதும் மூடுவதும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் தெருவின் பெயரே சாதிச் சான்றிதழ். மேலத்தெரு என்றால் ஒன்று, காலனி என்றால் வேறொன்று. தெருவில் பிடிபடவில்லையென்றால், “உங்க குலதெய்வம் யாரு?” அதிலும் தெரியவில்லையென்றால், “வேலை எப்படிக் கிடைச்சது, கோட்டாவா?” சிலர் அப்பாவின் பெயரைக் கேட்பார்கள். தாத்தா தலைமுறையில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்காதா என்ற நம்பிக்கை. எல்லாமே சிரித்த முகத்தோடு, காபி கொடுத்தபடியே கேட்கப்படும். கேட்கிறவருக்கு அது ஊர்க்கதை. பதில் சொல்கிறவருக்குத் தேர்வு.

மவுண்ட் ரோட்டில் கணக்கு எழுதும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவரும், தனியார் பள்ளி ஆசிரியையான அவர் மனைவியும் இந்தத் தெருக்களில் இரண்டு மாதம் வீடு தேடியிருக்கிறார்கள். கோயிலுக்கு நான்கு தெரு தள்ளி ஒரு முதல் மாடி வீடு. ஓனர் அம்மாவுக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போனது. “எங்க பேத்திக்கு மேத்ஸ் சொல்லிக்குடும்மா” என்கிற அளவுக்கு ஒட்டிவிட்டார். டோக்கன் அட்வான்ஸ் பணத்தை எண்ணி, கவரில் போட்டுக் கையில் வைத்திருக்கிறார் கணவர். அப்போதுதான் சாவகாசமாக அந்தக் கேள்வி வந்தது. அவர் தெருவின் பெயரைச் சொன்னார்.

“அப்படியா... சரி, நல்ல நாள் பார்த்துச் சொல்றேம்ப்பா.”

நல்ல நாள் வரவில்லை. அடுத்த மூன்று வாரமும் அந்த வீட்டு கிரில்லில் அதே பலகை தொங்கியது. ஆபீஸ் போகும் வழி அதுதான் என்பதால் தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் போக வேண்டியிருந்தது. “வாடகை கட்டுப்படியாகலைன்னா வேற ஏரியா பார்க்கலாம். சம்பளம் பத்தலைன்னா பார்ட் டைம் பண்ணலாம். இதுக்கு என்ன பண்றது?” என்கிறார் அவர். மனைவி அதைவிடக் கறார்: “நேரடியா முடியாதுன்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். காபி குடுத்து அனுப்பினாங்க. என்ன பண்றது?” கடைசியில் ராயப்பேட்டையில், அலுவலகத் தோழர் ஒருவரின் உறவினர் வீடு கிடைத்தது. வாடகை 2,000 ரூபாய் அதிகம். அந்த இரண்டாயிரம் எதற்கு என்று இருவருக்கும் தெரியும்.

மறுப்புக்கென்றே ஒரு மொழி இருக்கிறது. “பையன் துபாய்லேர்ந்து வர்றான்.” “இப்பதான் ஒருத்தர் வந்து அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார்.” “பெயின்ட் அடிக்கிற வேலை இருக்கு, ரெண்டு மாசம் ஆகும்.” “வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேன்.” கடைசியாகச் சொன்னதில் வீட்டுக்காரர் பெரும்பாலும் பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருப்பார். இந்த மொழியில் ‘இல்லை’ என்ற சொல்லே கிடையாது. அதனால் புகார் கொடுக்கவும் எதுவும் இல்லை.

பெயரிலேயே மதம் தெரிகிறவர்களுக்கு இத்தனை சுற்றுகூடக் கிடையாது. எல்லிஸ் ரோடு போட்டோ கடை ஒன்றில் டிசைனராக இருக்கும், மேல்விஷாரத்துக்காரரான இஸ்லாமிய இளைஞர் ஒருவர் ஸ்டாப்வாட்ச் கணக்கே சொல்கிறார். “பேரைச் சொன்னதுக்கப்புறம் பத்து செகண்ட் பேசினாங்கன்னா, அவங்க நல்லவங்கன்னு அர்த்தம்.” நண்பன் பெயரில் போன் செய்து வீட்டைப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் மட்டும் சொந்தப் பெயரைச் சொல்வது என்று ஒரு முறையையும் முயன்றிருக்கிறார். வேலைக்காகவில்லை. பிறகு பெரிய மசூதிப் பக்கம் தேடினார். அங்கே பெயர் பிரச்னை இல்லை. “தனி ஆளா? நிக்காஹ் முடிச்சுட்டு வாங்க தம்பி, கண்டிப்பா தர்றேன்” என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார் அந்த வீட்டு பாய். மதம் தாண்டிய தமிழக ஒற்றுமை ஒன்று உண்டென்றால், அது பேச்சிலருக்கு வீடு இல்லை என்பதுதான் போலிருக்கிறது.

துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் இல்லம் இருக்கிறது. இன்று அரசு நினைவில்லம். பாரதி கடைசிக் காலத்தில் குடும்பத்தோடு குடியிருந்த வாடகை வீடு. 1921 செப்டம்பரில் இங்கேதான் இறந்தார். இந்தத் தெருப் பக்கம் வருகிறவர்கள் ஒருகணம் கற்பனை செய்து பார்க்கலாம். இன்றைக்கு அவர் இதே தெருவில் வீடு கேட்டு வந்தால்? தொழில்: பத்திரிகைக்காரர். வருமானம்: நிச்சயமில்லை. ஏற்கெனவே கடலூர் சிறையில் இருந்தவர். வந்து போகும் நண்பர்கள் கூட்டம் அதிகம், அதில் எல்லா சாதியும் உண்டு. உரக்கப் பாடும் பழக்கமும் உண்டு. புதுச்சேரியில் தலித் இளைஞர் ஒருவருக்குப் பூணூல் போட்டுவைத்த கதை வேறு. நிச்சயம் “பையன் துபாயிலிருந்து வருகிறான்.”

பத்திரிகைக்காரர்கள் மட்டுமல்ல, வக்கீல், போலீஸ், கட்சிக்காரர், சினிமா உதவி இயக்குநர் ஆகியோரும் சென்னை ஓனர்களின் மறைமுகப் பட்டியலில் நிரந்தர உறுப்பினர்கள். வக்கீலுக்குச் சட்டம் தெரியும், காலி பண்ண மாட்டார். போலீஸ்காரரிடம் வாடகை கேட்கப் பயம். உதவி இயக்குநருக்கு என்ன காரணம் என்று விளக்க வேண்டியதில்லை. 2020-ல் கொரோனா வந்தபோது இந்தப் பட்டியலில் டாக்டர்களும் நர்ஸ்களும்கூடச் சேர்ந்தார்கள். மாலை நேரத்தில் பால்கனியில் நின்று கைதட்டியவர்களில் சிலரே, மறுநாள் வீட்டைக் காலி செய்யச் சொன்ன செய்திகள் நாடு முழுக்க வந்தன. தொழிலாளர்களையும் மாணவர்களையும் காலி செய்யச் சொல்லும் ஓனர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று அந்த மார்ச் 29-ம் தேதி மத்திய உள்துறை அமைச்சகமே உத்தரவு போட வேண்டியிருந்தது.

ஓனர்களிடம் பேசினால் இன்னொரு கதை கிடைக்கிறது. அதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். இங்கே வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் பெரும்பாலும் கோடீஸ்வரர்கள் அல்ல. கீழே தாங்கள் குடியிருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் மாத்திரை மருந்து வாங்குகிற ஓய்வுபெற்றவர்கள்தான் அதிகம். மாட வீதி ஒன்றில் இரண்டு போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கும் எழுபது வயதைத் தாண்டிய மாமி ஒருவர், முன்பு இருந்த குடித்தனக்காரரைக் காலி செய்யவைக்க கோர்ட்டுக்கு அலைந்த கதையைச் சொல்கிறார். “ஆத்துக்காரர் கேஸ் போட்டார். தீர்ப்பு வர்றதுக்குள்ள அவரே போயிட்டார். வாடகை? அந்தக் காலத்து வாடகை. காய்கறி வாங்கக்கூடக் காணாது” என்கிறார். 1960-ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காலத்தில் பழைய சென்னையின் பல குடும்பங்களில் இப்படி ஒரு கேஸ் கட்டு பரணில் இருந்தது. “ஒருத்தரை உள்ள விடறது சுலபம்டா கண்ணா. வெளில அனுப்பறதுதான் கஷ்டம். அதனாலதான் வாசல்லயே இவ்ளோ கேள்வி” என்பது மாமியின் நியாயம்.

போலீஸ் பயமும் உண்டு. 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் தங்கியிருந்த ஐந்து பேர், வங்கிக் கொள்ளையில் தொடர்புடையவர்கள் என்று சொல்லப்பட்டு, போலீஸ் என்கவுன்ட்டரில் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு, குடியிருப்பவர்களின் விவரங்களைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று சென்னை மாநகரக் காவல்துறை ஓனர்களுக்கு உத்தரவிட்டது. ‘வம்பே வேண்டாம், நமக்குத் தெரிந்த மாதிரி ஆளாகப் பார்ப்போம்’ என்ற மனநிலைக்கு அது நல்ல காரணமாகிப்போனது. பேச்சிலர் என்றாலும், வடக்கிலிருந்து வந்தவர் என்றாலும் கதவு இன்னும் கொஞ்சம் இறுகியது.

மாமி சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால், வாடகை ஒழுங்காகத் தருவாரா, சொன்ன தேதியில் காலி செய்வாரா என்பதற்கான விடை குலதெய்வத்தின் பெயரில் இல்லை. சம்பளச் சீட்டையும் முன்பு குடியிருந்த வீட்டு ஓனரின் போன் நம்பரையும் கேட்டால் போதும். இந்த உலாவில் பேசிய எந்த ஓனரும் அந்த இரண்டையும் கேட்டதாகச் சொல்லவில்லை.

ஓனரே எல்லாவற்றையும் கேட்க வேண்டியதும் இல்லை. பாதி வடிகட்டலைப் புரோக்கர் முடித்துவிடுவார். ‘நோ புரோக்கர்ஸ்’ என்று எழுதிய வீட்டுக்கும் புரோக்கர்தான் ஆள் கூட்டிவருவார், அது வேறு விஷயம். ஒரு மாத வாடகை கமிஷன். பாரதி சாலை டீக்கடை பெஞ்சில் அலுவலகம் நடத்தும் புரோக்கர் ஒருவர், தன் நோட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே ஓரிரு எழுத்துகளைக் குறித்து வைத்திருக்கிறார். எதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல மறுக்கிறார். “தம்பி, நான் கொண்டுபோய் நிறுத்தி அவங்க முடியாதுன்னு சொன்னா இவங்களுக்கு அவமானம், எனக்கு அரை நாள் வேஸ்ட். அதான் முன்னாடியே பார்த்துடறது. யாரையும் நான் பிரிக்கல. பிரிஞ்சு கெடக்குறதைத்தான் எழுதி வெச்சிருக்கேன்.” ஆப்களிலும் இதே கதைதான். ‘ஃபேமிலி’, ‘பேச்சிலர்’, ‘வெஜ்’ என்று தட்டித் தேர்ந்தெடுக்கும் வசதி வந்துவிட்டது. டீக்கடை நோட்டு செல்போனுக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்படி வடிகட்டி மிஞ்சியவர்களுக்குத்தான் மேன்ஷன். வெளியே பார்த்தால் லாட்ஜ் மாதிரி இருக்கும், உள்ளே நீண்ட நடை. இரண்டு பக்கமும் கதவுகள். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஆணியில் தொங்கும் சட்டைகள், கம்பியில் காயும் லுங்கி. பாத்ரூம் பொது. வேலை தேடி வந்தவர்கள், வேலை கிடைத்தும் வீடு கிடைக்காதவர்கள், டி.என்.பி.எஸ்.சி-க்குப் படிப்பவர்கள், கதை சொல்ல வாய்ப்பு தேடுகிறவர்கள், ஊரில் மனைவி மக்களை விட்டுவிட்டுப் பதினைந்து, இருபது வருடமாக ஒரே அறையில் இருக்கும் மெடிக்கல் ரெப்கள், இப்போது புதிதாக வட மாநிலத் தொழிலாளர்கள். தமிழ் சினிமாவும் சிறுகதையும் இந்த அறைகளுக்கு நிறையவே கடன்பட்டிருக்கின்றன. இவர்களை நம்பித்தான் இந்தப் பேட்டையின் மெஸ்கள் எல்லாம். அக்பர் சாஹிப் தெரு காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தால், ஃபேமிலி அல்லாதவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் என்று புரியும்.

மேன்ஷன் மேனேஜரின் நேர்காணல் இரண்டு நிமிடம். ஆதார் ஜெராக்ஸ், ஒரு மாத அட்வான்ஸ், “ரூம்ல சமைக்கக் கூடாது, குடிச்சிட்டு சத்தம் போடக் கூடாது.” சாதி கேட்பதில்லை, சாமி கேட்பதில்லை. ஒரே கதவில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கட்டில்களில் யார் யார் படுத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் கவலை இல்லை. சென்னையின் நல்ல தெருக்களில் நடக்காத ஒன்று, ஒழுகும் குழாய்கள் உள்ள இந்தக் கட்டடங்களில் சர்வசாதாரணமாக நடக்கிறது. இதை ரொம்பவும் மெச்சிக்கொள்ள முடியாது. இங்கேயும் கதவு உண்டு. பெண்களுக்கு அனுமதி கிடையாது. ஊரிலிருந்து பார்க்க வரும் அம்மா, தங்கைகூட வாசல் நாற்காலியோடு சரி. ஆதாரில் சென்னை முகவரி இருந்தால், “லோக்கல் ஆளுக்கு ரூம் தர்றதில்ல” என்று சொல்லும் மேன்ஷன்களும் உண்டு. சொந்த ஊரில் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவனுக்கு அங்கேயும் இடமில்லை.

தனியாக வரும் பெண்களுக்கு லேடீஸ் ஹாஸ்டல். இரவு ஒன்பதரைக்குக் கேட் பூட்டு, வார்டன், அப்பா நம்பர், ‘லோக்கல் கார்டியன்’ நம்பர். முப்பத்தைந்து வயதுக்காரர்களிடமும் அதே கேள்விதான். தமிழக அரசு நடத்தும் ‘தோழி’ விடுதிகள் பல ஊர்களில் வந்திருப்பது கொஞ்சம் ஆறுதல். ஆனால், விடுதி என்பது வீடு அல்ல. அம்மாவைக் கூட வைத்துக்கொள்ள முடியாது. தனக்குப் பிடித்த ரசத்தைத் தானே வைத்துச் சாப்பிட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? நில உரிமையாளர்கள் மற்றும் குத்தகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்தது. வாடகை வீட்டுக்கு அலையும் ஒரு குடும்பத்தைப் பற்றிய, செழியன் இயக்கிய தேசிய விருதுப் படமான ‘டு லெட்’ தியேட்டருக்கு வந்ததும் அதே மாதம்தான். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றெல்லாம் இந்தச் சட்டம் சொல்கிறது. பத்து மாத அட்வான்ஸ் என்ற சென்னையின் பழைய வழக்கத்தை ‘ஒப்புக்கொண்டால் தவிர’ என்ற வார்த்தைகளே காப்பாற்றிக்கொடுத்திருக்கின்றன. சரி, யாருக்கு வீடு தர மறுக்கலாம், யாருக்கு மறுக்கக் கூடாது? அதைப் பற்றி இந்தச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. சாதி, மத அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 15-வது பிரிவு அரசைக் கட்டுப்படுத்துகிறது. கடை, ஹோட்டல், கிணறு, குளம் என்று பொது இடங்களுக்கும் வருகிறது. மாடி போர்ஷன் வரை அது ஏறி வரவில்லை.

விதிவிலக்கு இருக்கிறது. திருநர்களுக்கு வீடு வாடகைக்குத் தர மறுப்பதை, 2019-ம் ஆண்டு திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-வது பிரிவு வெளிப்படையாகத் தடைசெய்கிறது. ஹெச்.ஐ.வி-யோடு வாழ்கிறவர்களுக்கும் 2017-ல் வந்த சட்டத்தில் அதே பாதுகாப்பு உண்டு. ஆக, காகிதத்தில் இந்தியாவில் வீடு மறுக்கப்படுவதிலிருந்து தெளிவான பாதுகாப்பு பெற்றவர்களில் திருநங்கைகள் முக்கியமானவர்கள். நிஜத்தில்? இதைச் சொன்னதும் டீக்கடை புரோக்கர் சிரித்துவிட்டார். “அப்படி ஒரு சட்டம் இருக்கா?” என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, “அவங்க என்கிட்ட வீடு கேட்டு வர்றதே இல்ல சார். வந்து என்ன ஆகப்போகுதுன்னு அவங்களுக்கே தெரியும்ல” என்றார்.

இதெல்லாம் ஏதோ ஓரிரு ஓனர்களின் குணம் என்று ஒதுக்க முடியாது என்பதற்கு ஓர் ஆய்வு சாட்சி. சுக்தேவ் தோரட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் டெல்லி வட்டாரத்தில் நடத்தி, 2015-ல் வெளியிட்டது. வருமானம், தகுதி எல்லாம் ஒரே மாதிரி, பெயர் மட்டும் வேறு என்ற கணக்கில் ஓனர்களுக்குப் போன் செய்து வீடு கேட்டார்கள். உயர்சாதிப் பெயர் சொன்னவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் “வந்து பாருங்க” கிடைத்தது. தலித் பெயர் சொன்னவர்களுக்கு அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்தது. இஸ்லாமியப் பெயர் சொன்னவர்கள் நிலைமை அதைவிட மோசம். கிடைத்தவர்களிலும் பலருக்குக் கூடுதல் வாடகை, கூடுதல் நிபந்தனைகள். ராயப்பேட்டை தம்பதியின் இரண்டாயிரம் ரூபாய் டெல்லியிலும் இருக்கிறது.

நேர்காணலில் பாஸாக வழிகளும் பிறந்துவிட்டன. நண்பரின் மனைவியை அக்காவாக்குவது, கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாகச் சொல்வது, வீடு பார்க்கப் போகும்போது மட்டும் நெற்றியில் விபூதி. எல்லாவற்றிலும் வலுவான ஆயுதம், ஊரிலிருந்து அம்மாவை வரவழைத்து முன்னால் நிறுத்துவது. அம்மாவோடு வந்தால் பேச்சிலரும் கிட்டத்தட்ட ஃபேமிலி.

மேன்ஷனில் மூன்று வருடம் இருந்துவிட்டு, தம்பியையும் கூட்டிவந்து வேலைக்கு அனுப்ப நினைக்கும் தேனிப் பக்கத்து இளைஞர் ஒருவர், போன வாரம் அதைத்தான் செய்தார். இரவு பஸ்ஸில் வந்த அம்மா, மேன்ஷன் வாசல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே முகம் கழுவிப் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டார். சிங்கராச்சாரி தெருவுக்குப் பக்கத்தில் ஓர் ஒற்றை அறை வீடு. ஓனர் அம்மா மூன்று மாடிப் படி இறங்கி வந்து கதவைத் திறந்து காட்டினார். சமையல் மேடை, ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கொடிக்கயிறு. தேனி அம்மா குழாயைத் திறந்து பார்த்தார், தண்ணீர் வந்தது. “காத்து நல்லா வருது” என்றார்.

“நீங்க கூடவே இருப்பீங்களா?”

“மாசத்துல பத்து நாளு வந்து இருப்பேம்மா. காடு கரையைப் பார்க்கணும்ல.”

“தேனில எங்க?”

அவர் ஊர்ப் பெயரைச் சொன்னார். ஓனர் அம்மா அடுத்த கேள்விக்கு வாயைத் திறப்பதற்குள், தெருவின் பெயரையும் அவரே சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, மகனைப் பார்க்காமல், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார்.

“சரிம்மா. அவரைக் கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்.”

திரும்பி வரும்போது ரத்னா கஃபேயில் சாம்பார் இட்லி வாங்கிக்கொடுத்தார் மகன். அம்மாவுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு பஸ். கிளாம்பாக்கம் வரை போக வேண்டும், அதற்கே ஒன்றரை மணி நேரம் ஆகலாம் என்று அவசரப்படுத்தினார். “ஒரு நாள் இருந்து பதிலைக் கேட்டுட்டே போறேனே” என்றார் அம்மா. “எங்கம்மா தங்குவ?” என்று கேட்டார் மகன்.